பச்சைக்கோடு

கணினித் திரையில், ஒன்பது சதவீதத்தில் பச்சைக்கோடு மூச்சடைத்துக் கிடந்தது. லசாத் அதை ஒருமுறை பார்த்தான், முஷ்டியில் நெற்றியை ஊன்றினான், கண்ணை மூடிக்கொண்டான்.

"என்ன எஞ்சினியர், கண்ணை மூடிட்டீங்க? மிஷின் செத்துப்போச்சா?" எண்ணெய் ஆலை முதலாளி ஹாஜ் மொக்தாரின் குரலுக்கு ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்தில் கட்டியிருந்த கப்பல்களே திரும்பிப் பார்த்திருக்கும்.

"ஓடிட்டுதான் இருக்கு ஹாஜி. யாரும் எதையும் தொடாதீங்க. மவுஸ்ல ஈ உக்காந்தாக்கூட முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

காலையிலிருந்து எடைமேடையின் மென்பொருள் சீட்டு அச்சடிக்க மறுத்துக்கொண்டிருந்தது. சீட்டைக் கையில் வாங்காமல் எந்த விவசாயியும் ஒரு மூட்டை ஆலிவைக்கூட இறக்கமாட்டான். இறக்காத ஆலிவ் மூட்டைக்குள்ளேயே புழுங்கிப் போனால் அந்த எண்ணெய் விளக்கெரிக்கத்தான் ஆகும்.

"ரெண்டு மணிக்கு லாரி வருது. அதுக்குள்ள சீட்டு வரலன்னா நாளைக்கே வேற கம்பெனி," என்று ஹாஜி தொலைபேசியில் சொல்லியிருந்தார். "ஹாஜி போனா நீயும் அப்படியே வீட்டுக்குப் போயிடு," என்று லசாத்தின் மேலாளர் அதற்கு ஒரு வால் சேர்த்திருந்தார்.

அறுவடைக் காலம். நான்கு நாளில் இது பதினோராவது ஆலை. மென்பொருளின் செட்டப்பைக் கட்டுவதும் லசாத்தான், அதில் ஓட்டை விழுந்தால் பேட்ச் தைப்பதும் லசாத்தான், ஷேர் டாக்சியில் நசுங்கி வந்து அதைக் கணினியில் ஏற்றுவதும் லசாத்தான். அவன் கண்ணுக்குக் கீழே தொங்கிய பைகளில் பைக்கு அரை மூட்டை ஆலிவ் கொள்ளும்.

வெளியே, பக்கத்துத் தோட்டத்துக் கழுதை எடைமேடையில் ஏறி நின்று சொந்தபந்தங்களையெல்லாம் பெயர்சொல்லிக் கூப்பிட்டது. காவலாளி விசிலடித்தான், ரேடியோ அலறியது, மேசைக்கடியில் பிரிண்டர் செருமியது, ஹாஜி ஜன்னல் வழியே கழுதையின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தார். கணக்கர் ரவுதா குனிந்து எதையோ கிழித்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு எழுந்துபோய் ரேடியோவை நிறுத்தினாள், ஜன்னலைச் சாத்தினாள்.

"எதுக்கும்மா இருட்டாக்கறே?"

"வெயில் எஞ்சினியர் மூஞ்சில அடிக்குது ஹாஜி. அவரு ஆழ்ந்து யோசிச்சிட்டிருக்காரு."

இருபத்திரண்டு. ஹாஜி பாதாம் போட்டுத் தேநீர் ஊற்றினார். லசாத்துக்கு முன்னால் வைத்த கோப்பையில் பாதாம் பருப்பு ஊறி ஊறிக் கோழிமுட்டை அளவுக்கு வீங்கியது. ஐம்பத்தொன்று. ஹாஜி தஸ்பீஹ் மணியை இரண்டு சுற்று உருட்டினார்.

"போன வருஷம் ஒருத்தன் வந்தான். அஞ்சு நொடியில முடிஞ்சுதுன்னு எழுந்து நின்னான். அஞ்சு நொடியில ஆகிற வேலையெல்லாம் ஒரு வேலையாடான்னு விரட்டிவிட்டேன். இப்ப அந்த அஞ்சு நொடி கிடைக்காதான்னு தவிக்கிறேன்."

"அதான் இவரு நிதானமா பண்றாரு," என்றாள் ரவுதா.

"நிதானமா? நத்தைகூட இதை முந்திட்டுப் போய்க் காபி குடிச்சிட்டு வந்துடும். கொஞ்சம் தட்டி விடுங்க எஞ்சினியர்!"

லசாத் கண்ணைத் திறக்காமலே முனகினான். "நல்ல எண்ணெய் அவசரமா இறங்குமா ஹாஜி?"

ஐம்பது வருஷமாக ஹாஜி வாடிக்கைக்காரர்களிடம் சொல்லிவரும் வசனம் அது.

தொண்ணூற்றேழில் கோடு மறுபடி நின்றது. அதே நேரம் முதல் லாரி, சொன்னதற்குக் கால்மணி முன்னதாகவே, வாசலில் வந்து ஹாரனை அமுக்கியது. பின்னால் இன்னும் இரண்டு.

"போச்சு! ஆலிவும் போச்சு, ஆலையும் போச்சு!" ஹாஜி லசாத்தின் தோளை உலுக்கக் கை நீட்டினார்.

ரவுதா குறுக்கே பாய்ந்தாள். "அவரைத் தொட்டாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் ஹாஜி!"

'டிங்' என்றது கணினி. லசாத் தலை நிமிர்ந்தான். நெற்றியில் கைக்கடிகாரம் வட்டமாகப் பதிந்திருந்தது.

லாரி மேடையேறியது, பிரிண்டர் சீட்டைத் துப்பியது. ஹாஜி சீட்டை முத்தமிட்டார், லசாத்தை முத்தமிட்டார், ஐந்து லிட்டர் எண்ணெய் டின் ஒன்றை அவன் கையில் திணித்தார். "நாப்பது நிமிஷம் மிஷினோட மல்லுக்கட்டி ஜெயிச்சிட்டாரே மனுஷன்! இந்தக் கம்பெனியை நான் விடவே மாட்டேன்!"

லசாத் வாசலைத் தாண்டும்போது ரவுதா பின்னாலேயே ஓடிவந்து மடித்த சீட்டு ஒன்றை நீட்டினாள். அவன் பிரித்தான். எடை, நூற்று நாற்பது கிலோ. நேரம், ஒன்று ஏழு.

"கழுதை," என்றாள் ரவுதா. "நீங்க பட்டனை அமுக்கி ரெண்டே நிமிஷம்தான் ஆகியிருந்துச்சு. அப்பவே சீட்டு வந்துடுச்சு."

லசாத்தின் கையில் எண்ணெய் டின் பத்து மடங்கு கனத்தது. உள்ளே ஹாஜி இன்னும் அவன் புகழைப் பாடிக்கொண்டிருந்தார். "ரவுதா... ஹாஜிகிட்ட மட்டும்..."

அவள் சீட்டைப் பிடுங்கி நாலாகக் கிழித்தாள்.

"அடுத்த தடவை அந்தக் கோட்டை ஒரு மணி நேரம் ஓடற மாதிரி வைங்கண்ணே, நாப்பது நிமிஷத் தூக்கம் உங்களுக்குப் பத்தல!"