மாமனாருக்கு லைன் கிடைக்கவில்லை

“திருப்பத்தூர்ல இருந்து அற்புதராஜ் பேசறேங்க. கனெக்‌ஷன் டைம்டு அவுட்னு வருது. உங்க போர்டுக்குள்ள போவ முடியல.”

ஜெஸ்ஸியைப் பதிவுத் திருமணம் செய்து புதூர்நாட்டுக்கு அழைத்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. என் மாமனார் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்.

போர்டு என்றால், என் வீட்டுக் கணினியில் ஓடும் பழைய பாணி புல்லட்டின் போர்டு. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். என்னைப் போல வேறு வேலை இல்லாத முப்பது பேர் இணையம் வழியாக அதில் வந்து எழுதிவிட்டுப் போவார்கள்.

எங்களுக்குக் குழந்தை பிறந்த வாரம் இவர் அதில் சேர்ந்தார். மகளின் போனை எடுக்காத மனிதர், பழைய மோடம்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். எனக்குக் கோபம்தான். ஆனாலும் உதவி என்று கேட்டு வந்துவிட்டாரே.

ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தேன். முகவரி சரியா, அதோடு சேர்த்து அடிக்கும் எண் சரியா, மற்ற தளங்கள் திறக்கின்றனவா. எல்லாம் சரி என்றார். மாப்பிள்ளை என்றும் கூப்பிடவில்லை, பிரகாஷ் என்றும் கூப்பிடவில்லை.

கட்டிலில் கிடந்த குழந்தை ஏதோ குழறியது. அந்தப் பக்கம் பேச்சு நின்றது. குழந்தை ஓய்ந்த பிறகுதான் மறுபடி பேசினார்.

ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னேன். அணைத்துவிட்டதாகச் சொன்னார்.

அப்பாவின் குரல் கேட்டு ஜெஸ்ஸி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். பேசு என்று சைகை காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். போன மாதம் வேறொருவர் போனிலிருந்து அழைத்தபோது, இவள் குரல் என்று தெரிந்ததும் வைத்துவிட்டாராம்.

இன்னும் ஏன் அவரால் உள்ளே வர முடியவில்லை என்று என் திரையைப் பார்த்தேன். போர்டுக்குள் அப்போது இருப்பவர்களின் பட்டியல் அதில் ஓடும். ரூட்டரை அணைத்தால் அந்த ஆளின் பெயர் போய்விடும்.

அற்புதராஜ் என்ற பெயர் போகவில்லை. இரண்டு மணி நேரமாக உள்ளேதான் இருந்தார்.

ஜெஸ்ஸிக்கு விரலால் காட்டினேன். படித்தாள். குழந்தையைத் தூக்கி வந்து போனுக்குப் பக்கத்தில் மடியில் வைத்து உட்கார்ந்தாள்.

என் காதருகே குனிந்து, சத்தம் வராமல் சொன்னாள்.

“இன்னொரு வாட்டி ஆஃப் பண்ணச் சொல்லுங்க. இந்த வாட்டி போனை வைக்காம, பத்து நிமிஷம் கழிச்சிப் போடச் சொல்லுங்க.”