சுவரில் நான்கு துளைகள்

"பதினோரு மணிக்கு வக்கீல் ஆபீஸ், மறந்துடாதீங்க மாப்ளே. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். அந்த வீட்டுக்காரனைக் கோர்ட்டுக்கு இழுக்கிறது என் பொறுப்பு."

போனில் மைத்துனர். ஒன்பது மாதமாக இதே பேச்சு.

"ம்" என்றான் அவன்.

போர்வையை மடித்தான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். கொதித்ததும் துணி சுற்றிப் பிடித்து, வாளியில் ஊற்றிக் குளித்தான். குளியலறைச் சுவரில் ஹீட்டர் இருந்த இடத்தில் நான்கு துளைகள். கழற்றிக்கொண்டு போன போலீஸார் அவற்றை அடைக்கவில்லை. காபி கலந்தான். இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தான்.

கதவு தட்டப்பட்டது. வாசலில் வீட்டுக்காரர். டிரைவிங் ஸ்கூல் சட்டையோடு நின்றிருந்தார்.

"உள்ள வரலாமா சார்? சண்டைக்கு வரல."

"உங்க வீடு. வாங்க."

நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். "இன்னிக்குக் கேஸ் போடறீங்கன்னு தெரியும். போடுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டிட்டுப் போயிடறேன்."

நீட்டியது பாங்க் புத்தகம். அவன் பிரித்துப் பார்த்தான்.

"ஒண்ணாந்தேதி உங்க வாடகை உள்ள வருது பாருங்க. ரெண்டாந்தேதி கடன் தவணையா வெளிய போயிடுது. பத்தாததுக்கு என் சம்பளத்துல பாதி. வரி, லிப்ட், மொட்டை மாடி ஒழுகல் எல்லாம் தனி. 'வீட்டை வாங்கிப் போடு, வாடகையே கடனை அடைச்சிடும்'னு ஒருத்தன் சொன்னான். நம்பிட்டேன்."

"அப்ப நீங்க எங்க இருக்கீங்க?"

"டிரைவிங் ஸ்கூலுக்கு மேல ஒத்தை ரூம். நானும் வாடகைதான்."

அவன் புத்தகத்தை மூடினான். இந்த மனிதருக்கு அவனும் அவன் மனைவியும் வைத்திருந்த பெயர் ஜமீன்தார். மாதம் பிறந்தால் அவள் கேட்பாள், "ஜமீன்தாருக்குக் கப்பம் கட்டியாச்சா?"

"ஜமீன்தார்னு சொல்வீங்க, தெரியும்" என்றார் அவர்.

அவன் நிமிர்ந்தான்.

"ஒருநாள் தங்கச்சி போனைக் கட் பண்ண மறந்துட்டு, 'ஏங்க, ஜமீன்தார் பேசினார்'னு உங்ககிட்ட சொல்லிச்சு. நான் வண்டியில இருந்தேன். விழுந்து விழுந்து சிரிச்சேன். ஓட்டக் கத்துக்கிட்டிருந்த பொண்ணு, தன்னைத்தான் கிண்டல் பண்றேன்னு அழுதுடுச்சு."

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். வரவில்லை.

"ஹீட்டர்ல கரண்டு கசியுதுன்னு சொன்னீங்க. சுவிட்ச் வெளியதான இருக்கு, தண்ணி சுட்டதும் அணைச்சுட்டு அப்புறம் குழாயத் திறங்க, அடுத்த மாசம் புதுசு மாட்டித் தர்றேன்னு சொன்னேன். சத்தியமா அதுக்குன்னு காசு எடுத்து வெச்சேன் சார். அந்த வாரம் பார்த்து பாங்க்லேர்ந்து நோட்டீஸ். ஹீட்டர் காசைத் தூக்கித் தவணைக்குக் கட்டிட்டேன்."

அவருடைய வலது கால் தரையை அழுத்தியது. தினமும் அடுத்தவர் ஓட்டும் வண்டியில், தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்துப் பழகிய கால்.

"வீட்டை வித்துட்டேன். கடன் போக மிஞ்சினது இது." ஓர் உறையை மேஜையில் வைத்தார். "கேஸ் போடாம இருக்கறதுக்கு இல்ல. நீங்க போடுங்க. கேட்டா நான் ஒத்துக்குவேன். ஒரு மாசம் தள்ளிப் போட்டு அந்தப் பொண்ண நான்தான் கொன்னேன்."

அவன் டம்ளரை எடுத்தான். காபியை விழுங்கினான். ஆறிப்போயிருந்தது.

"ஒண்ணுதான் சார் எனக்கு விளங்கல. அவ்வளவு சூதானமான பொண்ணு. சுவிட்சை அணைக்காம எப்படி உள்ள போச்சு?"

"தெரியல."

"கடைசியா உங்ககிட்ட எதாவது சொல்லிச்சா?"

"சாயந்திரம் சீக்கிரம் வந்துடுங்கன்னு சொன்னா."

போலீஸாரிடம், மைத்துனரிடம், வக்கீலிடம் சொன்ன அதே வாக்கியம். ஓர் எழுத்து மாறாமல் வந்தது.

வீட்டுக்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வர்றேன் சார்" என்று சொல்லிப் படியிறங்கினார். உறை மேஜையிலேயே இருந்தது.

போன் அடித்தது. "கிளம்பிட்டீங்களா மாப்ளே?"

"ம்."

ஷூ மாட்டிக்கொள்ள, குளியலறைக்கு வெளியே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். தலைக்கு மேல் அந்தச் சுவிட்ச். யாரோ அதன்மேல் டேப் ஒட்டியிருந்தார்கள்.

சீக்கிரம் வந்துடுங்க என்று அவள் சொன்னது, இறப்பதற்கு முந்தின நாள். இறந்த அன்று காலை அவன் இதே ஸ்டூலில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அவள் கேட்டாள். கை நீட்டினால் எட்டுகிற சுவிட்சை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ம், ஆச்சு" என்றான். குழாய் திறக்கும் சத்தம் வருவதற்குள் வாசலைத் தாண்டியிருந்தான்.

அவள் உண்மையில் கடைசியாகப் பேசியது இதுதான்:

"ஏங்க, ஹீட்டரை அணைச்சுட்டீங்களா?"