நாலாவது பிராசசர்

"நாலு பிராசசர் மெஷினும்மா! சென்னையிலேருந்து வந்து இறங்கினப்போ மாலை போட்டு, பூசணிக்காய் உடைச்சு உள்ள எடுத்து வெச்சேன். இப்ப மூணுதான் தேடுதாமே?"

தாளாளர் வெள்ளைச்சாமி செருப்போடு சர்வர் அறைக்குள் நுழைந்துவிட்டார்.

அன்று பிளஸ் டூ ரிசல்ட். 'எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலோ பிரவுசிங் சென்டரிலோ உட்கார்ந்தபடி மார்க்கைத் தேடிக்கொள்ளலாம்' என்று பெரம்பலூர் முழுக்க பேனர் கட்டியிருந்தார்.

"ஆமா சார், மூணுதான்." சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தேவயானி திரையை விட்டுத் திரும்பவில்லை.

"நாலாவது?"

"வேற வேலையில இருக்கு."

"ரிசல்ட் அன்னிக்கு அப்படி என்ன வேலை? சீட்டாடுதா?"

"நாலு அடுப்பு இருந்தா நாலுலயும் சோறே பொங்குவீங்களா சார்?"

உதவியாளன் ராஜா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான்.

"சில பேருக்கு உடனே வருதாம். சில பேருக்கு சுத்திக்கிட்டே நிக்குதாம். எம் பொண்ணு இலக்கியாவே வூட்ல உக்காந்து, தட்டித் தட்டி விரல் தேஞ்சு போச்சுங்கறா. தாளாளர் பொண்ணுக்கே இந்தக் கதின்னா ஊர் காறித் துப்பாதா?"

அப்போதுதான் தேவயானி திரும்பி அவரைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தவள், வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டாள்.

"நாலையும் திறந்து விடு."

"மாட்டேன் சார்."

"என்னது?"

"சாயங்காலம் விடுறேன். இப்ப மாட்டேன்."

"மெஷின் என்ன உங்கப்பன் வூட்டுதா?"

"உங்களுதுதான் சார். ஓட்டுறது நானு. நான் இந்த நாற்காலியில இருக்கிற வரைக்கும் அது இப்படித்தான் ஓடும்."

சம்பளம் வாங்குகிற பொம்பளைக்கு இவ்வளவு வாயா! வெள்ளைச்சாமிக்குக் காது மடல் சிவந்துவிட்டது.

"அப்ப எந்திரி. நாளையிலேருந்து வேலைக்கு வராதே. டேய் ராஜா, நீ உக்காந்து நாலாவதைத் திற!"

அவள் எழுந்திருக்கவில்லை. கீபோர்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னைத் தூக்கி வெளியில போட்டுட்டு திறக்கச் சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் செல்போன் அலறியது.

"யாரு?" என்று எரிந்து விழுந்தார்.

"ஜெகதாம்பாள் டீச்சருங்க சார், மாடியிலேருந்து பேசறேன். ஃபெயிலான பிள்ளைங்களோட வூட்டு நம்பரை மட்டும் ஒரு பிராசசர் தேடித் தேடி எங்களுக்கு அனுப்புது. நாங்க ஒவ்வொரு வூட்டுக்கா பேசிக்கிட்டிருக்கோம். பெத்தவங்க பக்கத்துல போய் உக்காந்த பிறகுதான் தேவயானி அந்தப் பிள்ளைக்கு ரிசல்ட்டை விடுறா. போன வருஷம் ஃபெயில்னு பாத்துட்டு வூட்டை விட்டு ஓடின ஆண்டிமடத்துப் பையனை முந்திரிக் காடெல்லாம் தேடி அலைஞ்சது போதும் சார்..."

"அதை ஏம்மா இப்ப எங்கிட்ட சொல்றீங்க?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"இப்ப உங்க நம்பர் வந்திருக்குங்க சார். பாப்பா தனியா இருந்தா, உடனே வூட்டுக்குக் கிளம்புங்க."