மற்றபடி எல்லாம் அமைதி

"மாட்டினியா!" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, லோர்னா கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

வெளியே நண்பகல். படம் பார்க்கும் அறைக்குள் அது தெரியாது. திரையில் யாரோ ஓர் ஆணின் நெஞ்சு சாம்பல் நிறத்தில் ஒளிர்ந்தது. வயது ஐம்பத்தெட்டு, கீழே விழுந்தவர், விலா எலும்பு முறிந்திருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

இடது காறை எலும்பில் ஆறு திருகாணி போட்ட பழைய தகடு பளபளத்தது. லோர்னாவின் கண் அதில் நிற்கவில்லை. வலது நுரையீரலின் உச்சியில், எலும்புக்குப் பின்னால் பாதி ஒளிந்தபடி, கோலிக்குண்டு அளவில் ஒரு வெண்புள்ளி. புற்றாக இருக்கலாம்.

பத்து மாதத்துக்கு முன் இந்த எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், விலா எலும்பு நன்றாக இருப்பதாக எழுதி, 'மற்றபடி எல்லாம் அமைதி' என்று முடித்திருந்தார். நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் கணினி மறைத்திருந்தது. மறைத்து என்ன பயன்? டுலூத் நகரத்திலேயே அப்படி எழுதுகிறவர் ஒரே ஒருவர்தான். டுவைட் ஸ்ட்ராண்ட்.

முன்பெல்லாம் எத்தனை படம் பார்த்தார்களோ அத்தனைக்குச் சம்பளம். புது ஒப்பந்தம் வந்த பிறகு, எவ்வளவு சரியாகப் பார்த்தார்கள் என்பதற்குச் சம்பளம். அதனால் ஒருவர் பார்த்த பழைய படங்களை இன்னொருவர் எடுத்துப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பெரிய தவறாக இருந்தால், செய்தவரே மாதக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நோயாளிக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். விதியை எழுதியவர் ஸ்ட்ராண்ட்.

அதற்கு முதல் பலி லோர்னா. போன வருடம் ஓர் அம்மாளின் இடுப்பெலும்பு விரிசல் அவள் கண்ணுக்குத் தப்பிவிட்டது. பன்னிரண்டு பேர் பார்த்திருக்க, அவள் போனில் தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஸ்ட்ராண்ட் காபியை உறிஞ்சியபடி, "கொஞ்சம் சத்தமா பேசுங்க லோர்னா, அந்தம்மாவுக்குக் காது மந்தம்" என்றார். யாரோ சிரித்தார்கள். அடுத்த வாரம் அவளுடைய தலைமை நாற்காலி அவருக்குப் போனது.

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் பெட்சி எட்டிப் பார்த்தாள். இந்த மறுபார்வைக் கணக்கெல்லாம் அவள் பொறுப்பு.

"என்ன டாக்டர், முகத்துல இவ்ளோ வெளிச்சம்? சந்தேகமா ஏதாச்சும் இருந்தா உடனே சிவப்பு பட்டனை அழுத்திடுங்க. இன்னிக்கே ஆளை வரச் சொல்லிடலாம்."

"ஒண்ணுமில்ல பெட்சி. பழைய படம்தானே."

பட்டனை அழுத்தினால் நோயாளிக்கு நேராகத் தகவல் போய், கூட்டத்துக்கு வராமலே சத்தமில்லாமல் முடிந்துவிடும். கூட்டத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. பத்து மாதம் கிடந்த புள்ளி, பத்தொன்பது நாள் கிடக்காதா? லோர்னா படத்தை மூடி வைத்தாள்.

மேசையில் கைப்பேசி அதிர்ந்தது. அவள் கணவர் கஸ்.

"லோர்னா, கூரையில முழங்கால் உசரம் பனி. நீயே ஒரு ஆளைப் பிடிச்சு அள்ளச் சொல்லு. இந்தக் குளிருக்கு என் தோள் வேற மக்கர் பண்ணுது. ஏணிப் பக்கம் இனிமே நான் தலை வெச்சுக்கூடப் படுக்கமாட்டேன்."

"சரி சரி. ராத்திரி நல்லா சமைச்சு வை. இன்னிக்கு எனக்கு சந்தோஷமான நாள்."

பத்தொன்பது நாளும் அவள் நன்றாகத் தூங்கினாள்.

கூட்டத்தன்று சுவர் முழுக்க அந்த நெஞ்சு ஒளிர்ந்தது. லோர்னா புள்ளியைச் சுற்றி நிதானமாக ஒரு சிவப்பு வட்டம் போட்டாள். ஸ்ட்ராண்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது... நான் பார்த்த படம்தான்."

"கொஞ்சம் சத்தமா, டுவைட். பின் வரிசைக்குக் கேக்கல."

"நான் பார்த்த படம்தான்." அவர் முகம் வெளுத்திருந்தது. "நீங்க எப்ப கண்டுபிடிச்சீங்க?"

"பத்தொன்பது நாளாச்சு."

"அன்னிக்கே ஏன் சொல்லல? இந்த மாதிரி புள்ளிக்கு ஒவ்வொரு நாளும் முக்கியம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பத்து மாசம் தூங்கினவர் பேசற பேச்சா இது? எல்லாரும் இருக்கும்போது சொன்னா நல்லாருக்கும்னு தோணுச்சு." லோர்னா மேசைப் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். "போடுங்க. விதி நீங்க எழுதினதுதானே?"

பெட்சி கணினியைக் கேட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்தாள். ஸ்ட்ராண்டின் விரல் இரண்டு முறை தப்பான பொத்தானில் பட்டது. லோர்னா நாற்காலியில் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். ஒரு வருடமாகக் காத்திருந்த நிமிடம். ஒலிபெருக்கியில் மணி அடித்தது. ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை.

எடுத்தவர் முதலில் நன்றாக இருமினார். பிறகுதான் பேசினார்.

"என்ன லோர்னா, ஆஸ்பத்திரி நம்பர்லேருந்து கூப்பிடறே?"