வீடு முழுக்கப் பாட்டு

"ஃபைபர் இன்டர்நெட் போட்டாச்சு மச்சான். இனி வீடு முழுக்கப் பாட்டுதான்" என்றான் திருக்குமார்.

மடுல்சீமையிலிருந்து பதுளைக்கு வந்திருந்த மச்சான் முத்துலிங்கம் சுவரைச் சுற்றிப் பார்த்தான். "வயரையே காணோமே?"

"அதெல்லாம் வெளிய தெரியாது."

திருக்குமார் போனில் ஒரு குத்துப்பாட்டைத் தேடி, திரையில் வந்த ஸ்பீக்கர் பெயரைத் தொட்டான். பாட்டு ஓடுவதாகப் போன் காட்டியது. அலமாரி மேலிருந்த புது ஸ்பீக்கரிலோ சத்தமே இல்லை.

"சத்தத்தக் கூட்டிப் பாருங்க" என்றாள் மனைவி ரஞ்சனி.

முழுதாகவே கூட்டிவிட்டான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு ஹுமைத் நானா, தலையில் தொப்பியோடு நின்றார்.

"தம்பி, பாட்ட நிப்பாட்டுங்க. எங்கட ஸ்பீக்கர்ல பாடுது."

திருக்குமார் பதறிப்போய் நிறுத்தினான். மச்சானின் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

"எங்கட மகன்கிட்ட வைஃபை பாஸ்வேர்ட் வாங்கினது எனக்குத் தெரியும். பரவாயில்ல, பாவிச்சுக்கங்க" என்றார் ஹுமைத், தணிந்த குரலில். "இன்னைக்கு மட்டும் பாட்டு வேணாம். மௌத்தாப் போன வாப்பாவுக்குக் குர்ஆன் கத்தம் ஓதிக்கிட்டு இருக்கோம்."

படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"முடிஞ்சதும் சாப்பாடு அனுப்புறேன். விருந்தாளியும் வந்திருக்காங்கதானே."