பச்சைப் புள்ளி

கட்டிலின் நடுவில் திலகம். சுவரோரம் அவள் கணவர். எதிரே, ஞாயிறுதோறும் போல, பிளாஸ்டிக் ஸ்டூலின்மேல் மடிக்கணினி. அதற்குள், டொராண்டோவில், சமையல் மேடையில் சாய்ந்தபடி மகள் மேகலா. அவளுக்குப் பின்னால் முதுகு மட்டும் தெரிய மருமகன், பாத்திரம் துலக்கிக்கொண்டு.

திரையின் கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி.

அவர் மட்டும்தான் அதைக் கவனித்தார்.

மடிக்கணினியின் ஒலி, ஸ்பீக்கரில் வருவதோடு, கம்பியில்லாமல் நேரே அவருடைய காது மெஷினுக்குள்ளும் இறங்குகிறது என்று அர்த்தம். இத்தனை வருடம் இறங்கியதில்லை. அதில் அவர் வைத்திருப்பது யாருக்கும் சொந்தமில்லாத, ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிச் சேர்க்கும் கட்டற்ற இயங்குதளம். அங்கே ஒன்று வேண்டுமென்றால் எங்கோ ஒருவர் மெனக்கெட வேண்டும்.

முகம் தெரியாத ஒருவர் மெனக்கெட்டார். அதற்கான நிரலை எழுதி நேற்று அனுப்பிவைத்தார். கூடவே எழுதியிருந்தார்: போட்டுப் பாருங்கள். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, இரண்டையும் தெரிவியுங்கள்.

வீட்டில் மூச்சு விடவில்லை. சொல்ல வேண்டிய முதல் வாக்கியத்தை மட்டும் தயாராக வைத்திருந்தார்.

மேகலா, நீ பேசுறது எனக்கே கேக்குதும்மா.

இனி திலகம் நடுவில் இருந்து எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"என்னம்மா, நல்லாருக்கியா?" என்று திலகத்தைக் கேட்டாள் மேகலா.

கேட்டது. காதுக்குள் வந்து உட்கார்ந்து பேசுவதுபோல. குரலில் லேசாக ஒரு கரகரப்பு சேர்ந்திருந்தது. எப்போது சேர்ந்தது?

வாயைத் திறந்தார்.

"இந்த வருசமும் வரலம்மா," என்றாள் மேகலா, அவரைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தபடியே. "லீவெல்லாம் இருக்கு. அப்பாவ நெனச்சாத்தான். வந்தா நாள் பூரா கத்தணும். கத்திக் கத்தி, சண்டை போடுற மாதிரியே ஆயிடுது. அன்பா ஒரு வார்த்தையக் கத்திச் சொல்ல முடியுமா, நீயே சொல்லு. இங்க பாரு, இதுக்கும் தலையாட்டுறாரு."

மருமகனின் முதுகு சிரிப்பில் குலுங்கியது.

ஆட்டிக்கொண்டிருந்த தலையை அவர் நிறுத்தவில்லை.

திலகம் அவர் பக்கம் திரும்பினாள். வழக்கம்போல் தோளைப் பிடித்து, காதோரம் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

"லீவு கெடைக்கலியாம்! உங்களையே நெனச்சுக்கிட்டு இருக்காளாம்!"

ஒரு தடங்கல் இல்லை. மனப்பாடச் செய்யுள்போல வந்தது.

"மாத்திரை போட்டீங்களான்னு கேக்குறா!"

"போட்டாச்சுன்னு சொல்லு," என்றார்.

"போட்டாச்சாம்டி."

"என்னது?" என்றாள், அப்படி எதுவும் கேட்டிராத மேகலா.

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு."

அவர் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். பிறகு திலகத்தின் கையை. அது இன்னும் தோளிலேயே இருந்தது.

பேசி முடித்ததும் அவள் இட்லி ஊற்றப் போனாள். அவர் மடிக்கணினியை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

மின்னஞ்சலானாலும் பள்ளிக்கூடத்தில் படித்த முறை மாறாது. மேலே ஒட்டன்சத்திரம், அதன்கீழ் நாள். அன்புள்ள ஐயா. பொருள்: காது மெஷினுக்கு ஒலி வருவது குறித்து.

எதிர்பார்த்தது: மகளின் குரல் கேட்க வேண்டும்.

நடந்தது: கேட்டது. இரண்டு காதிலும். ஒரு சொல்கூட விடுபடவில்லை.

அடுக்களையிலிருந்து திலகம் ஏதோ கத்தினாள். எத்தனை இட்லி என்றுதான் இருக்கும்.

அவர் அடுத்த வரியைத் தட்டினார்.

குறை ஒன்று உண்டு. இணைந்ததும் எரியும் பச்சைப் புள்ளி என் பக்கம் மட்டுமே தெரிகிறது. எதிர்முனையில் பேசுகிறவருக்கும், பேச்சைத் தொடங்கும் முன்பே, தெரியும்படி வைக்க இயலுமா?

அவசரமில்லை என்று எழுதினார்.

அதை அழித்தார்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்தால் பேருதவியாக இருக்கும். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.

மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்தார். விட்டுப்போன ஒரு காற்புள்ளியை வைத்தார்.

அனுப்பினார்.