சுடர்விழியின் சொந்தக் குரல்

பெண் பார்க்க வந்தவர்களுக்குச் சுடர்விழி காபி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஏரி நிரம்பிவிட்டதாகத் தகவல் வந்தது. ஏரி மதகின் ஷட்டரைத் திறப்பது அவள் வேலை. கூடத்தில் நின்றபடியே, பேச்சைக் கேட்டு ஆளை அறியும் அலுவலகக் கணினியைப் போனில் அழைத்தாள்.

"நான் சுடர்விழி பேசறேன். உள்ள விடுங்க" என்றாள் மெல்ல.

"குரல் பொருந்துகிறது. பேச்சு அவருடையதல்ல. அனுமதி இல்லை."

மூன்று முறையும் அதே பதில். கோளாறு எங்கே என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அடேய் தகரடப்பா! ஊரே முழுகப் போவுது, தொறடா ஷட்டர!"

"வணக்கம், சுடர்விழி." ஷட்டர் திறந்தது.

மாப்பிள்ளையின் அம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாலு நாளா உங்கம்மாகிட்ட போன்ல பதவிசாப் பேசிப் பேசி, பேச்சக் கேட்டுத் தொறக்கற எங்க வீட்டுக் கதவே என்னை யாருன்னு கேக்குதும்மா. எப்ப வந்து சரிபண்ணித் தரே?"